உப்பிட்டவள்

மந்தைவெளியில் இப்போது மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. முற்காலத்தில் மயிலாப்பூர்ப் பசுக்கள் மேய்ந்து திரிந்த புல்வெளியாக இருந்தமையால் இப்பெயர் வந்ததென்று பெரியவர்கள் சொல்வார்கள். பசுக்கள் போய்த் தோட்ட வீடுகள் வந்தன. தோட்ட வீடுகள் போய் மாடிக் குடியிருப்புகள் வந்தன. மெட்ரோ ரயிலுக்காகப் பூமியைத் தோண்ட ஆரம்பித்த பிறகு, சாலையிலும் பாதி போய்விட்டது. இத்தகைய பேட்டையில் ஒரு பிடி கீரையாவது சொந்தக் கையால் பயிரிட்டு உண்ண வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு மிஞ்சியிருப்பது தலைக்கு மேலே உள்ள மொட்டை மாடி ஒன்றுதான்.

அந்த மொட்டை மாடியிலும் எனக்குரியது எட்டில் ஒரு பங்கு. எங்கள் கட்டடத்தில் எட்டுக் குடித்தனங்கள். 2024-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் வாரத்தில் குடியிருப்போர் சங்கத்துக் காரியதரிசி ஓர் அறிவிப்பை மாடிப்படிச் சுவரில் ஒட்டினார். மாடியில் பயனின்றிக் கிடக்கும் மண் பைகளை அவற்றின் சொந்தக்காரர் பொங்கலுக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். சொந்தக்காரர் இன்னார் என்று அவர் பெயர் குறிப்பிடவில்லை. குறிப்பிட அவசியமும் இல்லை. இருபத்துநான்கு பைகள், இருபத்துநான்கும் என்னுடையவை. ஈரம் இறங்கி மேல்மாடி வீட்டின் உட்கூரை பெயர்கிறது என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அந்தப் "பயனின்றி" என்ற சொல் என்னைத் தைத்தது. அது உண்மையாயிருந்ததே காரணம்.

என் மாமியாருக்கு அப்போது வயது எழுபத்தாறு. இதே மனையில் முன்பு நின்ற ஓட்டு வீட்டுக்கு மருமகளாய் வந்தவர். அந்த வீட்டுக் கொல்லையில் கிணறு இருந்தது, கிணற்றடியில் வாழை, துவைக்கிற கல்லுக்கு அப்பால் அவரைப் பந்தல். தை மாதத்தில் பந்தலிலிருந்து முறம் நிறையப் பறித்து, தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதை அவர் விவரிக்கும்போது, ராஜ்யத்தை இழந்த ராணி ஒருத்தி பழைய தர்பாரைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். 1990-களில் அந்த மனையைக் கட்டட ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தார்கள். கிணற்றை மூடினார்கள். அவ்விடத்தில் இப்போது மூன்று கார்கள் நிற்கின்றன.

2014-இல் நான் மாடித் தோட்டம் தொடங்கியது அவரையையும் உத்தேசித்துத்தான், அவரையும் உத்தேசித்துத்தான். அக்காலத்தில் தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறையார், "நீங்களே செய்து பாருங்கள்" என்று பெயரிட்டு, பைகளும் தென்னை நார்க் கழிவும் விதைகளும் அடங்கிய மூட்டையை மானிய விலையில் கொடுத்து வந்தார்கள். அம்மூட்டைக்கு அவர்கள் வழங்கிய பெயர் 'தளை'. இலக்கணத்தில் தளை என்பது சீரும் சீரும் சேரும் கட்டு. உலக வழக்கில் அது விலங்கு. எனக்கு இரண்டு அர்த்தமும் பலித்தன. முதல் வருஷம் கத்தரியும் கொத்தவரையும் கீரையும் நன்றாகவே வந்தன. தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகளைக் கடக்கும்போது, "எங்களுக்கு இன்று வேண்டாம்" என்று சொல்லிப் போகும் பெருமையைச் சில வாரங்கள் அநுபவித்தேன். அதற்குப் பிறகுதான் சோதனைக் காலம் ஆரம்பமாயிற்று.

2015 டிசம்பர் முதல் தேதியைச் சென்னைவாசிகளுக்கு ஞாபகப்படுத்த வேண்டுவதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்ட அன்றிரவு அடையாற்றின் இரு கரையும் ஒன்றாயின. வெள்ளம் மாடிக்கு ஏறவில்லை. ஆனால் மேலிருந்து பெய்த மழையே போதுமானதாயிருந்தது. வேர்கள் பைக்குள்ளேயே அழுகிப்போயின. அடுத்த வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல். நகரமெங்கும் ஆயிரக் கணக்கில் மரங்கள் சாய்ந்த அன்று, என் பாகற்கொடி பந்தலோடு அடுத்த வீட்டு மாடிக்குக் குடிபோயிற்று. "ஏம்மா, வானத்துக்கும் உனக்கும் என்ன பகை?" என்று மாமியார் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் இரும்புக் குழாய்களை நட்டு, கெட்டியான பிளாஸ்டிக் தகட்டில் ஒரு கூரை போட்டேன். ஐப்பசி பிறந்தால் பைகளையெல்லாம் அதன் கீழ் இழுத்து வைத்துவிடுவேன். இனி ஒரு சொட்டு அடைமழையும் என் செடிகளைத் தீண்ட முடியாது என்று திருப்தியடைந்தேன். இந்தக் கூரையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

கூரை மழையைத் தடுத்தது; மாவுப் பூச்சியைத் தடுக்கவில்லை. கத்தரியின் கணுவிலும் செம்பருத்தியின் மொட்டிலும் அரிசி மாவைத் தூவினாற்போல் வந்து அப்பிற்று. கடைக்காரர் கொடுத்த மருந்தைத் தெளித்தேன். பூச்சி ஒரு வாரம் பதுங்கியிருந்து, இரண்டு மடங்காகத் திரும்பியது. இவ்விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய அநுபவம் உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மெக்ஸிகோ பிரதேசத்துக்குச் சொந்தமான பப்பாளி மாவுப் பூச்சி 2008-இல் கோயமுத்தூரில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தொட்டதையெல்லாம் நாசமாக்கிற்று. எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. உடம்பின் மேலுள்ள மெழுகு அதற்குக் கவசம். கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கடுகைவிடச் சிறிய குளவிகளைத் தருவித்தார்கள். அக்குளவி மாவுப் பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடுகிறது. பொரிந்து வரும் குஞ்சுக்கு மாவுப் பூச்சியே ஆகாரம். வேளாண்மைப் பல்கலைக் கழகத்தாரும் மற்றவர்களும் குளவிகளை வளர்த்து ஊர் ஊராய் விட்டார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கிற்று. அப்படிப்பட்ட சிநேகிதக் குளவி என் மாடிக்கும் வந்திருக்கக் கூடும். வந்திருந்தால், நான் தெளித்த மருந்து முதலில் அதைத்தான் கொன்றிருக்கும்.

இஃது இவ்வாறிருக்க, 2019 வந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றி வில்லிவாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். லாரித் தண்ணீருக்காக நடு இரவில் குடத்துடன் விழித்திருந்த நாட்கள் அவை. அச்சமயம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பாபகாரியமாகத் தோன்றிற்று. அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. உதித்த கணத்தில் நான் அடைந்த கர்வத்தை இன்று நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

எங்கள் சமையலறைச் சுவரில் ஆர்.ஓ. என்னும் நீர் சுத்திகரிப்புக் கருவி தொங்குகிறது. அது ஒரு குடம் குடிநீர் கொடுப்பதற்கு இரண்டு குடம் தண்ணீரைக் கழிவென்று தள்ளுகிறது. பல வீடுகளில் அக்கழிவு நேரே சாக்கடைக்குப் போகிறது. நான் அதன் வாயில் ஒரு வாளியை வைத்தேன். தினம் சுமார் பத்து லிட்டர் சேர்ந்தது. பார்வைக்குப் பளிங்குபோல் இருந்தது. அதைக் காலையும் மாலையும் மாடிக்குச் சுமந்து சென்று செடிகளுக்கு வார்த்தேன். ஊரே தண்ணீருக்குத் தவிக்கையில் ஒரு சொட்டும் புதிதாய்ச் செலவழிக்காமல் தோட்டம் வளர்க்கிறவள் என்று பெயரெடுத்தேன். எதிர் வீட்டு அம்மாள் வந்து பார்த்துவிட்டுத் தானும் வாளி வைத்தார். பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் இதைப்பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பிறகு நாலரை வருஷம் ஒன்றும் சரியாக விளையவில்லை. விதை முளைக்கும், நாலு இலை விடும், அப்புறம் இலையின் ஓரம் கருகும். பீன்ஸ் ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடும். தக்காளி பூத்து உதிரும். 2020-இல் வீட்டோடு அடைபட்டிருந்த மாதங்களில் நாள் முழுதும் செடிகளின் அருகிலேயே இருந்தேன். நான் எவ்வளவுக் கெவ்வளவு கவனித்தேனோ அவ்வளவுக் கவ்வளவு அவை வாடின. விதைக் கடையைக் குறை கூறினேன். மாடப்புறாக்களைக் குறை கூறினேன். எதிர் வீட்டு அம்மாளின் திருஷ்டியென்றுகூட ஒரு நாள் சொல்லிவிட்டேன். பாவம், அவர் வீட்டு மல்லிகையும் பட்டுப்போனது எனக்குத் தெரியாது. பைகளின் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு பூப்பு படர்ந்திருந்தது. பூஞ்சைக்காளான் என்று எண்ணித் துடைப்பத்தால் தட்டிவிட்டேன்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கரைக்கு அப்பால் நின்றபடியே சென்னையின் மேல் கொட்டித் தீர்த்துவிட்டு, ஆந்திரக் கரையில் பாபட்லா அருகே ஏறிச் சென்றது. வழக்கம்போல் பைகள் கூரைக்குக் கீழே பத்திரமாயிருந்தன. ஒன்று மட்டும் வெளியில் கிடந்தது. அடி கிழிந்துபோனதால் எறிவதற்காக, மேல்நிலைத் தொட்டித் தளத்தின் மழைநீர்க் குழாய் கொட்டுகிற இடத்தில் சாய்த்து வைத்து மறந்துவிட்டேன். இரண்டு நாள் மழையும் அதன் வழியாகவே ஓடியிருக்க வேண்டும். மார்கழி நடுவில் மாடிக்குப் போனபோது அந்தக் கிழிந்த பையில் ஒரு நாட்டுத் தக்காளிச் செடி, நான் விதைக்காமல், நான் தண்ணீர் வார்க்காமல், கரும்பச்சையாய்த் தழைத்து நின்றது. கூரைக்குக் கீழே ராஜோபசாரத்தில் இருந்த இருபத்துமூன்றும் நோயாளிகளாய்க் கிடந்தன. காரியதரிசியின் அறிவிப்பு வந்தது அதற்கு அடுத்த சில நாட்களில்தான்.

நான் ரஸாயன சாஸ்திரம் கற்பிக்கும் உபாத்தியாயினி. இதை இதுவரையில் சொல்லாமல் இருந்தது வேண்டுமென்றேதான். ஒவ்வொரு வருஷமும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கை வைத்து ஒரு சோதனை செய்து காட்டுகிறேன். ஒரு வில்லையை வெறும் தண்ணீரிலும் இன்னொன்றை உப்புத் தண்ணீரிலும் போட்டால், முன்னது விறைத்து நிற்கும். பின்னது துணிபோல் துவண்டுவிடும். உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்கு நீர் சவ்வைக் கடந்து போகிறது. இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். வேர் மண்ணிலிருந்து தண்ணீர் குடிப்பதும் இதனால்தான். வெளியே உப்பு அதிகமானால், ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தால் சாகும். இந்த இயற்கையை அழுத்தத்தால் எதிர்த்திசையில் திருப்பி, உப்பை ஒரு பக்கம் ஒதுக்கி நல்ல நீரை மறுபக்கம் பிழிந்தெடுக்கும் யந்திரம்தான் ஆர்.ஓ. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் நடப்பதும் இதுவே. அப்படியானால் ஒதுக்கப்பட்ட உப்பு எங்கே போகிறது? வாளிக்குள். வகுப்பில் இக்கேள்வியை எத்தனையோ தடவை கேட்டவள், வாளியைத் தூக்குகையில் ஒரு தடவையும் கேட்கவில்லை.

மறு நாளே உப்பின் அளவைக் காட்டும் பேனா போன்ற ஒரு சிறு கருவியை வாங்கினேன். எங்கள் கட்டடத்தில் நிலத்தடித் தொட்டியில் மெட்ரோ தண்ணீரோடு ஆழ்துளைக் கிணற்று நீரும் கலக்கிறது. கடலோ நடந்து போகிற தூரம். தொட்டித் தண்ணீரில் லிட்டருக்கு 900 மில்லிகிராம் உப்புகள். குடிநீரில் 500-க்குள் இருப்பது நலம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆர்.ஓ. கழிவில் 1,300. பழைய பை ஒன்றில் தண்ணீர் ஊற்றி அடியில் வடிந்ததை அளந்தேன். கருவி 4,000-ஐத் தாண்டிற்று. தக்காளி முளைத்த பையில் வடிந்தது 300. உப்பென்றால் சாப்பாட்டு உப்பு மட்டுமன்று. சுண்ணாம்பு, மக்னீஷிய இனங்களும் சேர்ந்தது. பிறகு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். தினம் 10 லிட்டர், லிட்டருக்கு 1.3 கிராம், வருஷத்துக்கு நாலே முக்கால் கிலோ, நாலரை வருஷத்துக்கு இருபத்தொரு கிலோ. செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுவிடும். அடித்துப் போக வேண்டிய மழையை நானே கூரை போட்டுத் தடுத்துவிட்டேன். மரக்காணத்திலும் தூத்துக்குடியிலும் பாத்தி கட்டி உப்பு விளைவிக்கிறார்களே, அத்தொழிலை மந்தைவெளியில் மூன்றாவது மாடியில் நடத்தியவள் நான் ஒருத்தியே. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பார்கள். என் கத்தரிச் செடிகள் என்னை எவ்விதம் நினைத்தனவோ!

வெள்ளமும் புயலும் வறட்சியும் பொய்யல்ல. அவை யாவும் வந்தன. யாவும் சேதம் விளைவித்தன. ஆனால் ஒவ்வொன்றும் சில தினங்கள் வந்து போன விருந்தாளி. நிரந்தரமாகக் குடியிருந்தது வாளிதான்.

இதையெல்லாம் கண்டுபிடித்த பிறகு கஷ்டமான காரியம் ஒன்று பாக்கியிருந்தது. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் உருளைக்கிழங்கு வில்லைகளுடன் வகுப்புக்குப் போனேன். அவ்வருஷம் ஏற்கெனவே நடத்தி முடித்த சோதனை, பிள்ளைகள் விழித்தார்கள். உப்புத் தண்ணீருக்குப் பதில் ஆர்.ஓ. கழிவும் பழைய பையின் வடிநீரும் வைத்திருந்தேன். நான் பிரார்த்தனைக் கூட்டத்தில் சொன்னது தவறு என்றும், காரணம் இன்னதென்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நீங்கள் சொன்னீர்கள் என்று எங்கள் வீட்டுத் துளசிக்கும் அதைத்தான் ஊற்றினேன். துளசி பட்டுப்போய்விட்டது. நான் தூரம் தள்ளாமல் தொட்டதனால்தான் பட்டுப்போயிற்று என்று பாட்டி இன்றுவரை திட்டுகிறாள்" என்றாள். எனக்கு நா எழவில்லை. அன்று சாயங்காலம் அவளுடன் அவள் வீட்டுக்குப் போய், பாட்டியிடம் விவரத்தைச் சொன்னேன். உப்புக் கணக்கைப் பாட்டி முழுதும் ஒப்புக்கொண்டதாகத் தோன்றவில்லை. ஆனால் பெண்ணைப் பார்த்து, "சரி, நாளைக்கு வேறு துளசி வாங்கி வா" என்றாள்.

இந்தத் தவற்றில் நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். யூப்ரடீஸ், டைக்ரிஸ் நதிகளுக்கிடையே வாழ்ந்த சுமேரியர்கள் ஆற்றுநீரைப் பாய்ச்சிப் பாய்ச்சி, வடிகாலில்லாத வயல்களில் உப்பேறவிட்டு, கோதுமையைக் குறைத்து, உப்பைச் சற்று அதிகமாய்த் தாங்கும் பார்லிக்கு மாறினார்கள் என்று சரித்திர ஆராய்ச்சியாளர் கூறுவதுண்டு. அதற்கும் சமீபமானது நமது நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை புகுந்து வயல்களெல்லாம் உவர் பூத்துக் கிடந்தபோது, இனிப் பல வருஷங்களுக்கு அங்கே பயிர் இல்லை என்று பயந்தவர்கள் அநேகர். விவசாயிகள் வரப்பை உயர்த்தி மழையைத் தேக்கி வடித்தார்கள். தக்கைப்பூண்டை விதைத்து, வளர்ந்ததும் மடக்கி உழுதார்கள். இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் அங்கே சென்று உழைத்தவர்களில் ஒருவர். அடுத்த ஓரிரு பருவங்களில் பல வயல்களில் நெல் திரும்ப வந்தது. கடலே வந்து நின்ற மண் மீண்டது என்றால், இருபத்துமூன்று பைகள் மீள்வதற்கு என்ன தடை? மழையும் பொறுமையுந்தான் வேண்டும். பொறுமைக்குச் சங்கத்தின் அநுமதி வேண்டும்.

சங்கக் கூட்டத்துக்குத் தக்காளிப் பையையே தூக்கிக் கொண்டு போனேன். பழுக்கத் தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் சொல்லி, ஒரு வருஷம் தவணை கேட்டேன். காரியதரிசி ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரி. இருபத்தொரு கிலோ என்ற கணக்கைத் தாமும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு, "பை பாதியாகக் குறைய வேண்டும், தரையைத் தொடக் கூடாது, வடிகிற தண்ணீர் நேரே குழாய்க்குப் போக வேண்டும். இதற்கு ஒப்புக்கொண்டால் அடுத்த பொங்கல் வரையில் பார்க்கலாம், டீச்சர்" என்றார். இன்று யோசித்தால், நான் கேட்காமலே எனக்கு வேண்டியதையெல்லாம் அவர் நிபந்தனையாக விதித்திருக்கிறார். செடிக்கு வேண்டியதும் வடிகால்தான்.

பன்னிரண்டு பைகளை இரும்புப் பலகையின் மேல் ஏற்றினேன். கூரையைப் பிரித்தேன். 2024 ஆடியில் பதினொன்றில் தக்கைப்பூண்டு விதைத்து, ஒன்றரை மாதத்தில் பூக்குமுன் வெட்டி அதே மண்ணில் புதைத்தேன். பன்னிரண்டாவதாகிய தக்காளிப் பையை மாமியார் தமக்கென்று கேட்டு வாங்கிக் கொண்டார். அதில் அவரை ஊன்றினார். ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழி எல்லாக் காய்க்கும் சென்னையில் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. இந்நகரில் வருஷத்தில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை ஒட்டிக் கொட்டிவிடுகிறது. ஆடியில் நட்ட தக்காளி காய்க்கும் தருணத்தில் அடைமழையில் மாட்டிக் கொள்ளும். தக்காளிக்கு இரவுக் குளிர்ச்சியும் அவசியம். இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேலே நிற்குமானால் பூ பிஞ்சாகாமல் உதிரும். ஆகவே சென்னையில் மார்கழியிலும் தையிலும்தான் அது மனம் திறக்கிறது. ஆனால் நாட்டு அவரையின் விஷயம் வேறு. பகல் குறுகினால்தான் அது பூக்கும். எப்போது விதைத்தாலும் மார்கழிக்குக் காத்திருக்கும் அக்கொடிக்கு, ஆடியில் ஊன்றினால் படர்வதற்கு ஐந்து மாதம் கிடைக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்தேன். மாமியாரோ, "அவரை தைக்குத்தான் காய்க்கும், நீ அவசரப்பட்டால் அது என்ன செய்யும்?" என்று முடித்துவிட்டார்.

மழைநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மந்தைவெளிப்பாக்கத்திலேயே 'ஆகாஷ் கங்கா' அறக்கட்டளையார் 2002-இல் ஒரு மழை மையம் அமைத்தார்கள். பௌதிகம் படித்த சேகர் ராகவன் அதை நிறுவியவர். மழையை மண்ணுக்குள் விடுங்கள் என்று அதற்கும் முன்பே வீடு வீடாய்ச் சென்று சொன்னவர். 2003-இல் தமிழ்நாட்டரசு ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிற்று. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர் தண்ணீர்; வருஷம் முழுவதும் பெய்வதைக் கூட்டினால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர். கூரை போட்டு நான் தடுத்துக் கொண்டிருந்தது இந்தச் செல்வத்தைத்தான். இப்போது குழாயின் கீழே 500 லிட்டர் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். கொசு புகாமல் வலை கட்டியிருக்கிறது. அது தீர்ந்தால் அரிசி கழுவிய நீர். கோடையில் குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீர். இக்கடைசி நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. உப்புக் குறைந்த மெட்ரோ தண்ணீர் மட்டுமே வரும் வீடுகளில் ஆர்.ஓ. கழிவு இவ்வளவு கெடுதல் செய்யாமலும் இருக்கலாம். அளந்து பார்ப்பது நலம். கருவியின் விலை ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போய்வரும் செலவைவிடக் குறைவு.

எந்தப் பயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மண்ணில் ஊறும் நீரின் மின்கடத்தும் சக்தி மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டியதுமே பீன்ஸின் மகசூல் குறைய ஆரம்பிக்கும். தக்காளி 2.5 வரையிலும், பீட்ரூட் 4 வரையிலும் பொறுத்துக் கொள்ளும். நாலரை வருஷம் பீன்ஸோடு நான் மன்றாடியது எத்தகைய மடமை என்பது இதிலிருந்து விளங்கும்.

2024 அக்டோபர் மழையும், நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையும் பைகளின் மேல் நேராகப் பெய்தன. ஜன்னலில் நின்று மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது பத்து வருஷத்தில் அதுவே முதல் தடவை. ஒவ்வொரு மழைக்குப் பின்பும் வடிநீரை அளந்து சுவர்க் காலண்டரில் குறித்தேன்: 4,000, 2,600, 1,500, 700. 700-க்கு இறங்கிய அன்று, தொழுவுரம் கலந்து நாற்று நட்டேன். தக்காளி ஐந்து பை, கத்தரி மூன்று, அரைக்கீரை இரண்டு, வெண்டை ஒன்று. வெண்டைக்கு இலை நரம்பு மஞ்சளாகும் நோய் வந்தது. வெள்ளை ஈ பரப்பும் அந்நோய்க்கு மருந்து கிடையாது, பிடுங்கி எறிந்துவிட்டேன். கத்தரியில் மாவுப் பூச்சி தலைகாட்டிற்று. மருந்து தெளிக்கவில்லை, பழைய பல் துலக்கும் தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். முழுதும் போகவில்லை, பரவவும் இல்லை. 2025 தை முதல் வாரத்தில் தக்காளி ஒரு படி இருந்தது.

பொங்கலுக்கு மூன்றாம் நாள் மாமியார் கைத்தடியை ஊன்றி மாடிக்கு ஏறினார். முழங்கால் வலியினால் அவர் அங்கே வந்து இரண்டு வருஷமாயிற்று. அவரைக்கொடி தொட்டிக் குழாய்மேல் ஏறிப் படர்ந்திருந்தது. நான் பறிக்கப் போனபோது கையை விலக்கிவிட்டுத் தாமே பறித்தார். கீழே வந்து கூடத்தில் உட்கார்ந்து எண்ணினார். நூற்றுப்பன்னிரண்டு. எட்டுக் கூறு போட்டார், கூறுக்குப் பதினாலு.

"பதினாலு அவரைக்காயை வைத்துக்கொண்டு யார் என்ன சமைப்பார்கள், அத்தை?" என்றேன்.

"கொடுப்பதுதான் நம் காரியம். சமைப்பது அவரவர் காரியம்" என்று சொல்லி, காரியதரிசி வீட்டுக்கு முதல் கூறைக் கொடுத்தனுப்பினார்.

ஆர்.ஓ. கழிவை இப்போது மாடிப்படி கழுவுவதற்கு உபயோகிக்கிறேன். படிகளில் வெள்ளையாய் ஏதோ பூத்துவருகிறது என்று காரியதரிசி எழுதியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.